சூடானில் "2.46 கோடி பேர் பஞ்சத்தில்" என்று எழுதலாமா?

அப்படி எழுதாதீர்கள், தவறாகிவிடும். 2.46 கோடி என்பது 2024 டிசம்பரில் வந்த ஐபிசி (உணவுத் தட்டுப்பாட்டை ஐந்து கட்டங்களாக வகைப்படுத்தும் சர்வதேச முறை) கணிப்பில் நெருக்கடி எனப்படும் மூன்றாம் கட்டத்திலும் அதற்கு மேலும் இருந்த எல்லோரையும் சேர்த்த கூட்டுத்தொகை. அதில் மிக மோசமான ஐந்தாம் கட்டத்தில் இருந்தவர்கள் சுமார் 6,38,000 பேர்.

பசி, பட்டினி, பஞ்சம் மூன்றையும் செய்திகளில் ஒன்றாகவே எழுதிவிடுகிறார்கள். குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும். ஐபிசியில் பஞ்சம் என்பது ஓர் இடத்துக்குத் தரும் வகைப்பாடு. ஐந்தில் ஒரு குடும்பத்துக்காவது உணவு அறவே கிடைக்காமல், 30 சதவீதக் குழந்தைகள் உடல் வற்றி, பட்டினியாலோ அதனோடு சேர்ந்த நோயாலோ 10,000 பேருக்கு தினம் 2 பேர் சாக வேண்டும். 2024 ஆகஸ்டில் சூடானின் டார்ஃபூர் பகுதியில் உள்ள சம்சம் அகதிகள் முகாமில் உறுதியானது அதுதான்.

எண்ணை எடுக்கும் முன் அது எந்த மாதங்களுக்கானது என்று பாருங்கள். உங்கள் எண் 2024 டிசம்பர் முதல் 2025 மே வரைக்குமானது. 2025 செப்டம்பர் நிலவரத்துக்கு 2.12 கோடி.

அப்புறம் ஒன்று. பஞ்சம் என்று அறிவிக்காத ஊரில் பஞ்சமே இல்லை என்றும் எழுதிவிட வேண்டாம். போர் முற்றுகைக்குள் போய், உடல் வற்றியிருக்கிறதா என்று குழந்தையின் கையில் நாடா சுற்றி அளப்பது யார்? முற்றுகையில் இருந்த டார்ஃபூர் நகரமான எல் ஃபாஷரில் மாட்டுக்குப் போடும் கடலைப் புண்ணாக்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நகருக்குப் பஞ்சம் உறுதியானது 2025 நவம்பரில். அதற்கு முந்தைய வாரமே நகரம் முற்றுகையிட்டிருந்த துணை ராணுவப் படையிடம் வீழ்ந்துவிட்டது.