புது வீட்டுக்கு வந்ததிலிருந்து தலைபாரம், மூக்கடைப்பு: வீடே காரணமாக இருக்குமா?

கேள்வி: புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. எனக்குக் காலையில் எழுந்தால் தலைபாரம், பிள்ளைக்கு ஓயாத மூக்கடைப்பு. வீட்டுக்கும் உடம்புக்கும் அவ்வளவு தொடர்பு உண்டா, இல்லை என் பிரமையா?

பிரமை இல்லை. நான் மருத்துவர் இல்லை, கட்டடம் படித்தவனும் இல்லை. ஆனால் இதே கேள்வியோடு மூன்று வருடம் அலைந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நாங்கள் இருந்தது சென்னையில் தாம்பரம் சானடோரியம் என்ற பகுதியில், தரைத்தளத்து வாடகை வீடு. மகளுக்கு நாலு வயதில் இளைப்பு ஆரம்பித்தது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் போதும், ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு கீச்கீச்சென்று சத்தம் போடும். நெபுலைசர் வைக்க ஓடுவோம். பரம்பரை என்றார்கள், தூசி என்றார்கள், ஐஸ்கிரீம் என்றார்கள். மூன்றாவது வருடம் ஒரு குழந்தை மருத்துவர் வேறு மாதிரி கேட்டார். "பாப்பா எங்க படுக்குறா? அந்த ரூமை நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டு வாங்க."

போட்டோ எடுப்பதற்காகப் பீரோவை நகர்த்தினோம். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தது. அவள் தலை வைத்துப் படுக்கும் இடத்துக்கும் அதற்கும் இரண்டு அடிகூட இல்லை.

அந்தச் சுவரில் ஓதம் இருப்பது எனக்கு முன்பே தெரியும். பெயிண்ட் உரிந்து கொப்பளித்தபோதெல்லாம் சுரண்டிவிட்டு மறுபடி அடித்தேன். இரண்டு முறை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது. பிளம்பர் வந்து பார்த்து, "மேல் வீட்டு பாத்ரூம் குழாய் கசியுது சார். தண்ணிய நிறுத்தாம பெயிண்ட் அடிச்சா உள்ளுக்குள்ள பூத்துக்கிட்டேதான் இருக்கும்" என்றார். குழாயை மாற்றி, பூச்சை உடைத்தெடுத்து, சுவர் காய இரண்டு மாதம் விட்டோம். மகளை அதுவரை முன்னறையில் படுக்க வைத்தோம். அடுத்த மழைக்காலத்தில் ஒரே ஒரு தடவைதான் இளைப்பு வந்தது.

பூசணத்தின் நுண்துகள்கள் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதைத் தூண்டிவிடும். ஓதம் அடிக்கும் வீடுகளில் இளைப்பும் இருமலும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் தனி வழிகாட்டியே வெளியிட்டது. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்துபோனது. வீட்டில் பூசணம் என்று அப்பா பல முறை புகார் செய்திருந்தார். வீட்டை வாடகைக்கு விட்டவர்களோ, மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பூசணம்தான் மரணத்துக்குக் காரணம் என்று 2022இல் விசாரணை அதிகாரி தீர்ப்பு எழுதினார். ஓதம், பூசணம் பற்றிப் புகார் வந்தால் குறைந்த வாடகைக்கு விடும் சமூக வீடுகளின் உரிமையாளர் குறித்த காலத்துக்குள் சரிசெய்யவேண்டும் என்று அடுத்த வருடமே அங்கே சட்டம் போட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் பெயிண்ட் அடித்தவன்தானே.

சரி, உங்கள் தலைபாரத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் நான் முதலில் சந்தேகப்பட்டது மூடிய படுக்கையறையை.

மகளுக்குச் சரியான பிறகு கரியமில வாயுவை அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கினேன். வெளிக்காற்றில் அது ஏறக்குறைய 420 பிபிஎம் காட்டும், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. எங்கள் படுக்கையறை பத்துக்குப் பதினொன்று. ஏசி போட்டு, கதவு ஜன்னலை எல்லாம் சாத்தி, மூன்று பேர் படுத்தோம். படுக்கும்போது 600. விடியற்காலை ஐந்து மணிக்குப் பார்த்தால் 2500க்கு மேல். மறுநாள் அதே ஏசி, அதே மூன்று பேர், கதவை மட்டும் ஒரு சாண் திறந்து, முன்னறை ஜன்னலையும் திறந்து வைத்தோம். காலையில் 1100. கருவி பொய் சொல்கிறதோ என்று ஒரு வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

நம்மில் நிறையப் பேர் நினைப்பதுபோல் ஸ்பிளிட் ஏசி வெளியிலிருந்து காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப விடுகிறது. வெளியே மாட்டியிருக்கும் பெட்டி வெப்பத்தை மட்டும்தான் வெளியேற்றுகிறது. ஆக, எட்டு மணி நேரம் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டே கிடக்கிறோம். 2500 பிபிஎம் என்பது விஷம் இல்லை, பயப்படவேண்டாம். ஆனால் காற்று மாறவே இல்லை என்பதற்கு அது அடையாளம். ஜெர்மனியின் மியூனிக்கில் பெட்டன்கோஃபர் என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சொல்லிவிட்டார். ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 1000 பிபிஎம்மைத் தாண்டினால் அந்த அறையின் காற்று இருக்கத் தகுந்ததல்ல என்பது அவர் வைத்த அளவு. கரியமில வாயு தன்னளவில் கெடுதல் என்பதற்காக அல்ல, மனிதர்கள் வெளிவிடும் மற்ற எல்லாமும் அதோடு சேர்ந்து தேங்கியிருக்கும் என்பதற்காக. இன்றைக்கும் கட்டடக்காரர்கள் அந்த எண்ணைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

இதில் உலகம் ஒருமுறை பெரிய தவறு செய்து பாடம் படித்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, மின்சாரத்தையும் எரிபொருளையும் மிச்சம் பிடிக்க அமெரிக்காவில் அலுவலகங்களை இறுக்க மூட ஆரம்பித்தார்கள். அதுவரை ஆளுக்கு நிமிடத்துக்கு 15 கன அடி வெளிக்காற்று என்று இருந்த கணக்கை 5 கன அடியாகக் குறைத்தார்கள். அப்புறம்தான் தலைவலி, கண் எரிச்சல், தொண்டை வறட்சி, காரணம் தெரியாத அசதி என்று புகார்கள் குவிந்தன. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும், காலையில் அலுவலகம் வந்தால் திரும்ப வரும். 'நோயுற்ற கட்டடம்' என்ற பெயர் அதற்கு வந்தது. புதிதாகக் கட்டியவை, புதுப்பித்தவை இவற்றில் 30 சதவீதம் வரை இப்படிப் புகாருக்கு உள்ளாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் குழு ஒன்று 1984இல் எழுதியது. 1989இல் அமெரிக்கத் தரநிலையை மறுபடி 15 கன அடிக்கு ஏற்றினார்கள்.

இதிலிருந்தே உங்களுக்கு ஒரு சுலபமான சோதனை கிடைக்கிறது. இரண்டு மூன்று நாள் ஊருக்கோ உறவினர் வீட்டுக்கோ போய்த் தங்குங்கள். தலைபாரமும் பிள்ளையின் மூக்கடைப்பும் அங்கே குறைந்து, வீடு திரும்பியதும் வந்தால், வீட்டைச் சந்தேகிக்கலாம். எங்கும் ஒரே மாதிரி இருந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள்.

ஜன்னலைத் திற என்று சொல்வது சுலபம், கொசு என்ன செய்யும் என்று கேட்பீர்கள். சென்னையில் ஐந்தரை மணிக்கு ஜன்னலைச் சாத்தாத வீடு எது? சாத்திவிட்டு, மிச்சமிருக்கும் கொசுவுக்கு வத்திச் சுருளைக் கொளுத்துகிறோம். அதுதான் எனக்கு ஆறாத வருத்தம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களைச் சோதித்து 2003இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்தால் வரும் அளவுக்குச் சமம் என்று கண்டார்கள். பிள்ளை எதிரில் ஒரு சிகரெட் பிடித்தால் சண்டைக்கு வரும் நாம், அதே பிள்ளையின் கட்டிலுக்கடியில் சுருளை ஏற்றி வைத்துக் கதவைச் சாத்துகிறோம். கொசுவலை அடித்த சட்டத்தை ஜன்னலுக்குப் பொருத்துங்கள். வாடகை வீடானால் ஒட்டிப் பிரிக்கும் வலை கிடைக்கிறது, இரண்டு ஜன்னலுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். உங்கள் வீட்டில் செய்யக்கூடிய காரியங்களில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

எங்கள் ஏரியாவின் பெயரே இந்த விஷயத்தோடு பிணைந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. காசநோய்க்கு மாத்திரை இல்லாத காலத்தில் நல்ல காற்றும் வெளிச்சமும்தான் மருந்து என்று நம்பினார்கள். டாக்டர் சவுரிமுத்து 1928இல் தாம்பரத்தில் சானடோரியத்தை, அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையைத் தொடங்கினார். ஊரிலிருந்து விலகி, மரங்களுக்கு நடுவில், காற்றோட்டமான வார்டுகள். ரயில் நிலையத்துக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. மாத்திரைகள் வந்த பிறகு, 1956இல் சென்னையில் ஒரு சோதனை தொடங்கியது. நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள், மறுபாதியை நெரிசலான அவர்களுடைய வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தார்கள். குணமானவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. காசநோய்க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம் என்று உலகம் மாறியதில் சென்னையின் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்படியானால் காற்று முக்கியமில்லையா? குணப்படுத்துவது வேறு, பரவாமல் தடுப்பது வேறு. பெரு நாட்டின் லிமாவில் எட்டு மருத்துவமனைகளில் அளந்து 2007இல் எழுதினார்கள். 1950க்கு முன் கட்டிய, உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள அறைகளில் எல்லாவற்றையும் திறந்து விட்டால் மணிக்கு 40 முறை காற்று மாறியது. இயந்திரம் வைத்துக் காற்றோட்டம் செய்யும் நவீன அறைகளுக்குப் பரிந்துரைத்த அளவே மணிக்கு 12தான். பழைய அரசு ஆஸ்பத்திரிகளின் உயரமான வார்டுகளைப் பார்த்தால் எனக்கு இப்போது மரியாதை வருகிறது.

பழையதெல்லாம் நல்லது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மன்னார்குடிப் பக்கம் எங்கள் பூர்விக வீடு முற்றம் வைத்த வீடு. சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக்கூரை, சித்திரை வெயிலிலும் தரையில் படுத்தால் குளுகுளுவென்றிருக்கும். அந்த வீட்டின் கடைசியில் ஜன்னலே இல்லாத அடுப்படி. அப்பாயி நாற்பது வருடம் அங்கே சவுக்கு விறகும் வறட்டியும் எரித்துச் சமைத்தார். ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை. கடைசி ஆறு வருடம் பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். புகை பிடித்தவர்களுக்கு வரும் அதே நுரையீரல் அடைப்பு நோய் என்று தஞ்சாவூரில் சொன்னார்கள். சமையல் புகையால் 2020இல் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கேஸ் அடுப்பு வந்ததால் நாம் தப்பித்தோம் என்றாலும், மீன் வறுக்கும்போதும் தாளிக்கும்போதும் எழும் புகை இன்றும் இருக்கிறது. அடுப்பைப் பற்றவைக்கும்போதே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஓடட்டும்.

உங்களுடையது புது வீடு என்பதால் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். அலமாரிக்கும் சமையலறைத் தட்டுகளுக்கும் போடும் பிளைவுட், துகள்பலகை இவற்றின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு மெதுவாகக் கசிந்துகொண்டிருக்கும். கண்ணையும் மூக்கையும் எரிக்கும், புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலிலும் இருக்கிறது. புதுசில்தான் அதிகம் வரும், நாளாக ஆகக் குறையும். பகலில் ஆள் இருக்கும் நேரத்தில் அலமாரிக் கதவுகளையும் ஜன்னல்களையும் சேர்த்துத் திறந்து வையுங்கள். புது வீட்டு வாசனை பிடிக்கவில்லை என்று ரூம் ஸ்பிரே அடிக்காதீர்கள், அது இருப்பதோடு இன்னும் நாலைச் சேர்க்கும். புதுச் சுவரில் கலவைத் தண்ணீர் காய மாதக்கணக்கில் ஆகும். அதனால் பீரோ, கட்டில், அலமாரி எதையும் வெளிச்சுவரை ஒட்டிப் போடாமல் நாலு விரல் இடம் விடுங்கள். மழை விட்டதும் டார்ச் அடித்துப் பின்பக்கம் பாருங்கள். மாடிக்கு நேர் கீழே இருப்பவரானால், பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்க அந்தச் சூட்டை உள்ளே விடும், தூக்கம் கெடும். மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்தால் நன்றாகவே வித்தியாசம் தெரியும்.

எந்த வரிசையில் தொடங்குவது என்று கேட்டால்: இன்றிரவே கதவை ஒரு சாண் திறந்து படுங்கள், காசு செலவில்லை. இந்த வாரம் கொசுவலை. பிள்ளை படுக்கும் அறையில் ஒவ்வொரு மரச்சாமானையும் நகர்த்திப் பாருங்கள். பத்து நாள் கழித்தும் மூக்கடைப்பு விடவில்லையென்றால் மருத்துவரிடம் போகும்போது அந்த அறையின் போட்டோக்களையும் கொண்டுபோங்கள். நாங்கள் இப்போது அதே தெருவில் இரண்டாம் மாடிக்கு மாறிவிட்டோம். மகள் ஆறாவது படிக்கிறாள். இன்ஹேலர் இன்னும் பள்ளிக்கூடப் பையின் முன் ஜிப்பில்தான் இருக்கிறது. கடைசியாக அதை எடுத்தது போன வருடம் தீபாவளி ராத்திரி.