பெடாட் படலம் கண்ணாடியில் சுருங்குவது பற்றி

ஐடிஓ என்ற, ஒளி ஊடுருவும் மின்கடத்திப் பூச்சுள்ள கண்ணாடியில் பெடாட்:பிஎஸ்எஸ் என்ற மின்கடத்தும் பாலிமரின் நீர்க்கலவையைச் சுழற்றிப் பூசினால் படலத்தின் ஓரம் சுருங்குகிறது, நடுவில் வால்நட்சத்திரம் போலக் கோடுகள் விழுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறுகள்.

சுருங்குவது பெரும்பாலும் கண்ணாடியால்தான். அசிட்டோன், ஐசோபுரொப்பனாலில் கழுவினால் மட்டும் போதாது. கரிமப் படிவு கொஞ்சம் மிஞ்சினாலும் நீர்க்கலவை பரவாது. புற ஊதா ஓசோனில் 15 நிமிடம் வையுங்கள். அப்புறம் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டுத் தூய நீர் விட்டுப் பாருங்கள். முத்துப்போல நின்றால் இன்னும் தயாரில்லை. தட்டையாகப் படர்ந்தால் சரி. உடனே பூசிவிடுங்கள். நான் ஒருமுறை சாப்பிட்டுவிட்டு வந்து பூசினேன், பாதிப் படலம் விலகிப் போனது. காற்றிலுள்ள அழுக்கு அதற்குள் மறுபடி படிந்துவிடுகிறது.

கோடுகள் திரண்ட துகள்களால் வருபவை. 0.45 மைக்ரான் பிவிடிஎஃப் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) வடிகட்டி வழியே சொட்டுங்கள், முதல் சில சொட்டுகளைக் கழித்துவிடுங்கள். புட்டியைக் குலுக்கினால் குமிழி வரும், மெதுவாக உருட்டினால் போதும். ஒருமுறை உறைந்துபோன புட்டி என்றால் அதை மறந்துவிடுங்கள்.

படலத்தின் கடத்துத்திறனைக் கூட்டும் டிஎம்எஸ்ஓ கரைப்பானைச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒளி உமிழ் டயோடின் துளை (நேர்மின் சுமை) செலுத்தும் அடுக்குக்கு வேண்டாம். கடத்துத்திறன் கூடினால் பக்கத்துப் பிக்சலுக்குக் கசிவும் கூடும்.