மணமக்கள் பெயரில் வெள்ளைப் புள்ளிகள்

கல்யாண அழைப்பிதழில் மணமக்கள் பெயரில் வெள்ளைப் புள்ளிகள் விழுகிறதா? கோளாறு ஃபான்ட்டில் இல்லை. கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் பெயரை மொத்தமாகக் கர்வ் (டெக்ஸ்ட்டாக இல்லாத, வெறும் கோட்டு வடிவம்) ஆக்கியதால்தான் எழுத்துகள் இணையும் இடத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கும். கையெழுத்துப் பாணி ஃபான்ட்டில் ஒரு எழுத்தின் வால் அடுத்ததன் மேல் ஏறி நிற்கும். ஒரே வடிவமாகச் சேர்ந்ததும் அந்த இடம் ஓட்டையாகிவிடும்.

வியூ மெனுவில் வயர்ஃப்ரேம் போட்டுப் பாருங்கள், வெறும் கோடுகள் மட்டும் தெரியும். இணைப்பில் கோடுகள் குறுக்கே வெட்டினால் இதேதான்.

கர்வ் ஆக்காத பழைய டெக்ஸ்ட்டை எடுத்து, கன்ட்ரோல் கே அழுத்தி ஒவ்வொரு எழுத்தாகப் பிரியுங்கள். அப்புறம் கன்ட்ரோல் க்யூ அழுத்திக் கர்வ் ஆக்கி, எல்லாவற்றையும் செலக்ட் செய்து வெல்டு, அதாவது ஒரே வடிவமாக ஒட்ட வேண்டும். வரிசை முக்கியம், கர்வ் ஆக்கிய பிறகு பிரித்தால் ஆங்கில 'ஏ', 'ஓ'வின் உள்வட்டம் அடைபட்டுவிடும்.

வெல்டு செய்த பெயரில் எழுத்துப்பிழை திருத்த முடியாது. டெக்ஸ்ட் நகல் ஒன்றைத் தனியாக வையுங்கள், குடியாத்தத்து மாமா கடைசி நேரத்தில் இனிஷியலை மாற்றச் சொல்வார்!