குரூப் 1-க்குக் காத்திருப்பதா, கிடைத்த வேலையில் சேருவதா? பட்டதாரிகளின் கேள்விகளுக்குப் பதில்

வருவாய்த் துறையில் உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் குரூப் தேர்வுகளைப் பற்றி மதுரை மாவட்டத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றில், பலருக்கும் உதவும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். குரூப் 2ஏ-வில் வருவாய்த் துறை உதவியாளர் பணி கிடைத்திருக்கிறது. "அதுல போய் உட்கார்ந்தா குரூப் 1 கனவு அவ்வளவுதான்" என்கிறார்கள் நண்பர்கள். சேரலாமா ஐயா? (மேலூர்)

சேருங்கள் தம்பி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. துணை ஆட்சியர் நாற்காலிக்கு குரூப் 1 ஒரு வழி, ஆனால் அது ஒன்றுதான் வழி என்றில்லை. வருவாய் உதவியாளர் துணை வட்டாட்சியராகி, வட்டாட்சியராகி, துணை ஆட்சியர் வரைக்கும் பதவி உயர்வில் போகலாம். நேரடியாக வருகிறவரைவிட வருடங்கள் கூடுதலாகும், அது உண்மை. ஆனால் அந்த வருடங்களில் சம்பளம் வரும், வேலையும் கையில் பழகும்.

உள்ளே போனதும் நிறையப் பேர் கோட்டைவிடுவது பதவி உயர்வுக்கு வேண்டிய துறைத் தேர்வுகளில்தான். வருவாய்த் தேர்வுகள், கணக்குத் தேர்வு, மாவட்ட அலுவலக நடைமுறை நூல் தேர்வு என்று உங்கள் பதவிக்கு விதித்தவற்றைத் தேர்வாணையமே வருடத்துக்கு இரண்டு முறை, மே மாதமும் டிசம்பரிலும் நடத்துகிறது. "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டால், உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர் முன்னால் போய்விடுவார். படிக்கும் பழக்கம் விட்டுப்போகும் முன்பே, சேர்ந்த கையோடு எழுதி முடியுங்கள். பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சிக்கு அழைப்பு வந்தால் அதையும் தள்ளிப்போடாதீர்கள். தகுதிகாண் பருவம் (பணி உறுதியாகும் முன் உள்ள சோதனைக் காலம்) முடிய அது வேண்டும்.

அப்புறம், தன்பதிவேட்டை ஒழுங்காக எழுதுங்கள். உங்கள் இருக்கைக்கு வரும் ஒவ்வொரு தபாலையும் தேதி போட்டுப் பதிந்து, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், எந்தத் தேதியில் முடித்தீர்கள் என்று குறிக்கும் பதிவேடு அது. மேலதிகாரி அதைப் புரட்டிப் பார்த்தாலே நீங்கள் எப்படிப்பட்ட ஊழியர் என்று தெரிந்துவிடும்.

குரூப் 1-ஐயும் விட வேண்டாம். துறைக்குத் தெரிவித்துவிட்டுத் தாராளமாக எழுதலாம். பின்னால், ஆட்சேபணை இல்லை என்று உங்கள் துறை தரும் தடையின்மைச் சான்றைத் தேர்வாணையம் கேட்கும். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினருக்கு 39 வயது வரை வாய்ப்பு உண்டு.

கேள்வி: வீட்டில் ஒரு வருடம்தான் டைம் கொடுத்திருக்கிறார்கள். சென்னைக்குப் போய் கோச்சிங்கில் சேர்ந்தால்தான் முடியுமா சார்? (உசிலம்பட்டி)

தேவையில்லை அம்மா. நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் வகுப்புகள் இலவசம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரையுள்ள அரசுப் பாடநூல்களை முதலில் முடியுங்கள். வாங்கி அடுக்கும் கைடுகள் எல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு வருடம்தான் என்றால் குரூப் 2, 2ஏ-வையும் குரூப் 4-ஐயும் சேர்த்துக் குறிவையுங்கள். குரூப் 4-லும் குரூப் 2, 2ஏ முதல்நிலைத் தேர்விலும் 200 கேள்விகள், 300 மதிப்பெண். குரூப் 4-ல் தமிழ் 100 கேள்வி; குரூப் 2 முதல்நிலையிலும் பொதுத் தமிழை எடுத்தால் அதே 100. ஒரே படிப்பு இரண்டுக்கும் உதவும். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள் என்பதால் எந்தக் கேள்வியையும் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். குரூப் 4-ல் இளநிலை உதவியாளராகவோ கிராம நிர்வாக அலுவலராகவோ கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். கையில் ஒரு அரசு வேலை இருந்தால், அடுத்த தேர்வுக்கு வீட்டில் யாரும் கெடு வைக்க மாட்டார்கள்.

கேள்வி: பத்தாவது வரை தமிழ் வழி, +1, +2 ஆங்கில வழி, கல்லூரி மறுபடி தமிழ் வழி. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா? (வாடிப்பட்டி)

கிடைக்காது. 2020-ல் சட்டத்தைத் திருத்தியபின், இடையில் ஒரு படிப்பு ஆங்கில வழி என்றாலும் சலுகை இல்லை. முழுக்கத் தமிழ் வழியில் படித்தவர்கள், ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளியிலிருந்து தொடங்கி இப்போதே சான்று வாங்கி வையுங்கள்.

கேள்வி: ஐ.ஏ.எஸ். தேர்வுக்கும் குரூப் 1-க்கும் சேர்த்துப் படிக்கலாமா? (திருமங்கலம்)

முதல்நிலைக்கு ஓரளவு சேர்த்துப் படிக்கலாம். முதன்மைத் தேர்வில் பாதை பிரிந்துவிடும். ஐ.ஏ.எஸ்.ஸுக்கு யூ.பி.எஸ்.சி. (மத்திய தேர்வாணையம்) நடத்தும் தேர்வில் விருப்பப் பாடத்துக்கு மட்டும் 500 மதிப்பெண். குரூப் 1-ல் விருப்பப் பாடமே கிடையாது. மூன்று பொது அறிவுத் தாள்கள், ஒவ்வொன்றும் 250, நேர்முகத் தேர்வுக்கு 100. தமிழ்த் தகுதித் தாளில் நூற்றுக்கு 40 எடுக்காவிட்டால் மற்ற தாள்களைத் திருத்தவே மாட்டார்கள்.

யூ.பி.எஸ்.சி.தான் என்று முடிவெடுத்தால், தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தின் மதிப்பீட்டுத் தேர்வைத் தவறாமல் எழுதுங்கள். தேர்வாகும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறார்கள். குரூப் 1-ல் துணை ஆட்சியராக வந்தவரும் எட்டு வருடப் பணிக்குப் பிறகு, அந்தத் தேர்வை எழுதாமலே, பதவி உயர்வில் ஐ.ஏ.எஸ்.ஸுக்குப் பரிசீலிக்கப்படலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: மகனுக்கு குரூப் 2-ல் வேலை வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். (அலங்காநல்லூர்)

வேண்டாம் அண்ணே, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். குரூப் 2-க்கு இப்போது நேர்முகத் தேர்வே கிடையாது. எழுத்துத் தேர்வு மதிப்பெண், தரவரிசை, இனச்சுழற்சி (இட ஒதுக்கீட்டு வரிசை), துறையைத் தேர்ந்தெடுக்கும் கலந்தாய்வு, அவ்வளவுதான். அந்த ஆள் வாங்கித் தர அங்கே எதுவும் இல்லை. போலீசில் புகார் கொடுங்கள்.

கேள்வி: கலந்தாய்வில் எந்தத் துறையை எடுப்பது? வருவாய்த் துறையில் வேலைப் பளு அதிகம் என்கிறார்களே? (மதுரை, செல்லூர்)

அதிகம்தான். தேர்தல், வெள்ளம், பட்டா, சாதிச் சான்று எல்லாம் அங்கேதான் வந்து விழும். மனிதர்களோடு பேசிப் பழகப் பிடிக்காதவர்கள், கோப்போடு அமைதியாக இருக்கும் துறையை எடுப்பது அவர்களுக்கும் நல்லது, மனு கொண்டுவரும் ஜனங்களுக்கும் நல்லது. உங்களுக்கு எது ஒத்துவரும் என்று தெரியவில்லையா? வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூன் 30-ல் முடியும். அதையொட்டி மே, ஜூன் வாக்கில் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி என்ற கிராமக் கணக்குத் தணிக்கை நடக்கும். ஒரு நாள் போய்ப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கலையும் (பயிர்க் கணக்கு) 'அ' பதிவேட்டையும் (நிலப் பதிவேடு) கொண்டுவந்து வைப்பார்கள், ஜனங்கள் மனுவோடு வரிசையில் நிற்பார்கள். அந்த மேசைக்குப் பின்னால் உட்கார ஆசை வந்தால் வருவாய்த் துறையை எடுங்கள்.