சனிக்கிழமை வேண்டாம், ஞாயிறு போங்கள்: பிராக் யூதக் குடியிருப்பில் ஒரு நாள்

கேள்வி: ஜெர்மனியில், டிரெஸ்டனில் எம்.எஸ். படிக்கிறேன். ஒரு சனிக்கிழமை பிராக் போய், அங்குள்ள பழைய யூத இடங்களைப் பார்த்துவிட்டு இரவே திரும்ப நினைக்கிறேன். ஒரு நாள் போதுமா? எதை முதலில் பார்ப்பது?

பதில்: ஒரு நாள் தாராளமாகப் போதும், ஆனால் கிழமையை மாற்றுங்கள். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள். தொழுகைக்கூடங்களும் கல்லறைத் தோட்டமும் பூட்டியிருக்கும். யூதப் பண்டிகைகளிலும் அப்படித்தான். செப்டம்பர், அக்டோபரில் அவை அடுத்தடுத்து வரும். ரயில் டிக்கெட் போடுமுன் யூத அருங்காட்சியகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். டிரெஸ்டனிலிருந்து ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம்தான், அதனால் ஞாயிறு காலை கிளம்பினால் சரியாக இருக்கும்.

யோசெஃபோவ் என்ற அந்தப் பகுதியில் குறுகலான பழைய சந்துகளைத் தேடாதீர்கள். 1893க்குப் பிறகு பெரும்பாலான வீடுகளை இடித்து அகலச் சாலைகள் போட்டுவிட்டார்கள். தப்பியவை சில தொழுகைக்கூடங்களும் யூத நகர மன்றமும் கல்லறைத் தோட்டமும்தான்.

முதலில் பிங்காஸ் தொழுகைக்கூடம் போங்கள், கூட்டம் சேருமுன். இன்றைய செக் நாட்டின் பகுதிகளான பொஹீமியா, மொராவியாவிலிருந்து நாஜிக்களால் கொல்லப்பட்ட கிட்டத்தட்ட 78,000 யூதர்களின் பெயர்கள் சுவர் முழுக்கக் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. ஊர், குடும்பப் பெயர், ஆள் பெயர், பிறந்த தேதி, கடைசியாக உயிருடன் இருந்ததாகத் தெரிந்த தேதி. ஒரு ஊரை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். ஒரே குடும்பப் பெயருக்குக் கீழே எத்தனை பேர் என்று பார்த்தாலே போதும். மாடியில், நாஜிக்கள் யூதர்களை அடைத்துவைத்த தெரெசீன் முகாமில் குழந்தைகள் வரைந்த படங்கள் உள்ளன. அவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுத்த ஃப்ரீடல் டிக்கர்-பிரான்டைஸ் 1944இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்.

அடுத்து, பக்கத்திலேயே பழைய கல்லறைத் தோட்டம். இங்குள்ள மிகப் பழைய கல் 1439ஆம் ஆண்டுடையது. 1787 வரை புதைத்திருக்கிறார்கள். புதைத்த உடலை எடுக்கக் கூடாது என்பது யூத மரபு. இடமும் கிடைக்கவில்லை. அதனால் மேலே மண் போட்டுப் போட்டு அடுக்கடுக்காகப் புதைத்தார்கள். கீழிருந்த கற்களை மேலே தூக்கி நட்டதால்தான் சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. எபிரேயம் படிக்கத் தெரியாவிட்டாலும் செதுக்கல்களைக் கவனியுங்கள்: விரித்த இரு கைகள் என்றால் கோயில் குருமார் வழியினர், கூஜா என்றால் கோயிலில் குருமாருக்கு உதவிய லேவியர் வழியினர். வானியல் அறிஞர் டேவிட் கான்ஸின் கல்லில் வாத்து இருக்கும். 1609இல் இறந்த யூத மதகுரு ரபி லோவின் கல்லறை, வருபவர்கள் வைத்துவிட்டுப் போகும் கூழாங்கற்களும் சீட்டுகளுமாக எப்போதும் இருக்கும். அவர் களிமண்ணில் கோலெம் என்ற பூதத்தைச் செய்தார் என்ற கதை, அவர் மறைந்து வெகுகாலம் கழித்துக் கட்டப்பட்டது. கடைகளில் விற்கும் கோலெம் பொம்மைக்குக் காசைக் கரைக்காதீர்கள்.

மதியத்துக்கு மேல் 'பழைய-புதிய' தொழுகைக்கூடம். 13ஆம் நூற்றாண்டுக் கட்டடம், இன்னும் வழிபாடு நடக்கிறது. ஆண்கள் தலையை மூட வேண்டும், ஒரு தொப்பி கொண்டுபோங்கள். எதிரே நகர மன்றத்தில் எபிரேய எழுத்துள்ள கடிகாரத்தின் முட்கள் இடப்பக்கமாக, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். அதைத் தெருவிலிருந்தே பார்க்கலாம், கட்டணமில்லை. மற்றவற்றில் 1868இல் கட்டிய ஸ்பானியத் தொழுகைக்கூடம் மட்டும் போதும். மீதியை விட்டாலும் நஷ்டமில்லை. மாணவர் சலுகை உண்டு, அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

தெரெசீனை அதே நாளில் சேர்க்காதீர்கள். அது வடக்கே சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கிறது, தனி நாள் கேட்கும். நேரம் மிஞ்சினால் மெட்ரோ 'ஏ' தடத்தில் ஜெலிவ்ஸ்கேஹோ நிறுத்தத்தில் இறங்கி, புதிய யூதக் கல்லறைத் தோட்டத்தில் எழுத்தாளர் காஃப்காவின் கல்லறையைப் பார்த்துவிட்டு ரயில் ஏறலாம்.