சிறுநீரகமும் கஷாயமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 52 வயது. அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறேன். ரொம்ப வருடமாகச் சர்க்கரை. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 2.4, இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு) 32 என்று வந்தது. சிறுநீரக நோயில் மூன்றாம் கட்டம் என்றார் டாக்டர். கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு வைத்தியர் இருப்பதாக மச்சான் சொல்கிறார். சிறுபீளை, மூக்கிரட்டை எல்லாம் போட்ட கஷாயத்தை ஒரு மண்டலம் குடிக்க வேண்டும், இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிட வேண்டுமாம். அங்கே போன ஒருவருக்கு 3.1 இருந்தது ஒரே மாதத்தில் 2.6 ஆன ரிப்போர்ட்டைக் காட்டினார்கள். மனைவியோ ஏற்காட்டில் ஒரு யோகா முகாமுக்குப் போகலாம் என்கிறாள். டாக்டரிடம் கேட்டால் திட்டுவார் என்று பயம். உங்கள் அண்ணனின் டயாலிசிஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் இன்றே முடிவு செய்துவிடுங்கள். நான் மருத்துவன் அல்ல. அண்ணனுக்காக டயாலிசிஸ் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த காலத்தில் கேட்டதையும், பிறகு தேடிப் படித்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த 3.1, 2.6 கணக்கு. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் ஏறும். உடம்பு இளைத்தாலும், கறி சாப்பிடுவதை விட்டாலும் அந்த எண் இறங்கும். முந்தைய பரிசோதனை சமயத்தில் வயிற்றுப்போக்கால் உடம்பில் நீர் வற்றியிருந்தால், அது சரியானதும் தானாகவே இறங்கும். இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சர்க்கரையால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற மாத்திரைகள் கொடுப்பார்கள். அவை சிறுநீரக வடிகட்டிகளுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கின்றன. சிறுநீரில் புரதம் ஒழுகுவது குறைகிறது, நோயின் வேகம் தணிகிறது. ஆனால் அழுத்தம் குறைவதால் ஆரம்பத்தில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறலாம். நிறுத்தினால் கொஞ்சம் இறங்கலாம். வைத்தியர் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார், ஒரு மாதத்தில் எண் இறங்குகிறது, கஷாயத்துக்குப் பெயர் கிடைக்கிறது. சிறுநீரகத்துக்கு இருந்த காப்பு போய்விட்டது அந்த ரிப்போர்ட்டில் தெரியாது. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை, அவரே அதை முழுதாக நம்பக்கூடும். அந்த நோயாளியின் அடுத்த வருட ரிப்போர்ட் எங்கே என்று மச்சானிடம் கேளுங்கள்.

சிறுபீளை நமக்குப் புதிதல்ல, பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூதான். அதுவும் மூக்கிரட்டையும் நீர் பிரிக்கும் என்பார்கள். சிறுநீர் அதிகம் போனால் சிறுநீரகம் தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. செடியைக் காய்ச்சினால் அதிலுள்ள பொட்டாசியமும் கஷாயத்தில் இறங்கும். உங்கள் நிலையில் அது ரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். நான் மேலே சொன்ன மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை என்பதால் ஆபத்து இரட்டிப்பு. இளநீரும் இப்படித்தான், ஒரு டம்ளரில் 600 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். நட்சத்திரப் பழத்தைத் தொடவே வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது விடாத விக்கலில் தொடங்கி, வலிப்பு, மரணம் வரை கொண்டுபோயிருக்கிறது.

பொடியில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பது இன்னொரு கவலை. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் எடை குறைக்கப் போன பெண்களுக்குக் கொடுத்த மூலிகையில் அரிஸ்டோலோக்கியா இனச் செடி ஒன்று கலந்திருந்தது. பலருக்குச் சிறுநீரகம் அடியோடு செயலிழந்தது, சிலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே இனம். சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. உங்களுக்கு அதில் நம்பிக்கை இருந்தால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில், படித்த மருத்துவரிடம், எல்லா ரிப்போர்ட்டையும் வைத்துக் கேளுங்கள். பற்பம், செந்தூரம் என்று உலோகத்தையும் தாதுவையும் புடம்போட்ட பொடி எதைக் கொடுத்தாலும் சிறுநீரக டாக்டருக்குத் தெரியாமல் வாயில் போடாதீர்கள்.

யோகா விஷயத்தில் நான் உங்கள் மனைவி பக்கம். மூச்சுப் பயிற்சி, எளிய ஆசனம், தினசரி நடை எல்லாம் ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் நல்லவை. டயாலிசிஸ் நாட்களில் அரிப்பு அண்ணனைப் பாடாய்ப் படுத்தியது. அண்ணி எண்ணெய் தேய்த்து மெல்லப் பிடித்துவிடுவார், அந்த நேரமாவது அவர் கண்ணயர்வார். அது நோயைக் குணமாக்கவில்லை, ஆனாலும் எங்களுக்கு அது பெரிய விஷயம். முகாமுக்குத் தாராளமாகப் போங்கள். அங்கே உப்புத் தண்ணீர் குடித்துக் குடலைக் கழுவும் கிரியை, பட்டினி, பழச்சாறு விரதம் இருந்தால் மட்டும் விலகிக்கொள்ளுங்கள். சர்க்கரை மருந்து எடுப்பவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். உப்பு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள்தான். இந்துப்புக்கும் இதே கணக்கு. நம் ஊர்த் தட்டுவடை செட்டையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. தறியில் உட்காருபவர்களுக்கு முதுகுவலி உண்டு. அதற்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு வழி சொல்வார். கஷாயப் பொட்டலத்தையும் அப்படியே எடுத்துப் போய்க் காட்டுங்கள். திட்டினால் திட்டட்டும். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் சொல்லத் தயங்குவதை அவர் சொல்லிவிடுவார்.