கராத்தே கற்ற பெண்ணால் கையை விடுவிக்க முடியாதது ஏன்?

கேள்வி: என் மகள் நான்கு ஆண்டுகள் கராத்தே பயின்று கறுப்புப் பட்டை வாங்கியவள். சென்ற மாதம் ஓர் இரவு, சேலம் புதிய பேருந்து நிலையத்தை அடுத்த தெருவில் ஒருவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தபோது அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆள் நடமாட்டத்தைக் கண்டு அவனே ஓடிவிட்டான். கற்றதெல்லாம் வீண்தானா? ஜூடோ, ஜியு-ஜிட்சு வகுப்புக்கு மாற்றலாமா?
– ஒரு தாய், அம்மாபேட்டை, சேலம்

பதில்: அம்மா, அன்று கை கால் ஓடாமல் நின்றது உங்கள் மகளின் குற்றமில்லை என்பதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். எதிர்பாராமல் ஒருவன் பிடிக்கும்போது உடல் விறைத்துப்போவது யாருக்கும் நேரக்கூடியது. ஜூடோ விரிப்பில் பல ஆண்டுகள் புரண்ட எனக்கும் நேர்ந்திருக்கிறது.

அவள் கற்றது வீணில்லை. ஆனால் பல வகுப்புகளில் எதிரில் நிற்பவர் சொல்லிவைத்தபடி ஒரு குத்து விட்டுவிட்டு அசையாமல் நிற்கிறார். தெருவில் பிடிப்பவனோ இழுப்பான், திருகுவான், மறுகையால் தோளையும் பற்றுவான். 1882இல் டோக்கியோவில் கோடோகன் என்னும் பள்ளியைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ, ஜுஜுத்சு என்னும் பழைய ஜப்பானியச் சண்டைக் கலையில் இருந்த ஆபத்தான அடிகளை ராண்டோரி என்னும், சொல்லிவைக்காமல் மோதும் பயிற்சியிலிருந்து விலக்கிவைத்தார். அது கலையின் கூர்மையை மழுக்கியதாகத் தோன்றலாம். ஆனால் கண்ணைக் குத்துவதைத் தோழிமேல் பழகிப் பார்க்க வழியே இல்லை, பிடித்துச் சாய்ப்பதையோ இருவரும் முழு பலத்தோடு மல்லுக்கட்டி நாள்தோறும் பழகலாம். கோதா மண்ணில் புரளும் நம் மல்யுத்த வீரர்களுக்கும், ஜூடோவிலிருந்து கிளைத்த பிரேசிலிய ஜியு-ஜிட்சுக்காரர்களுக்கும் வலு சேர்ப்பது இந்தப் பழக்கம்தான்.

மணிக்கட்டையே எடுத்துக்கொள்வோம். பிடித்தவனின் கட்டைவிரலும் மற்ற விரல்களின் நுனிகளும் சந்திக்கும் இடமே அந்தப் பிடியின் பலவீனம். கையை நீட்டிப் பின்னால் இழுத்தால் அவன் பலமே வெல்லும். மாறாக, அவனை நோக்கி அரையடி எடுத்துவைத்து, முழங்கையை மடக்கி, மணிக்கட்டின் மெல்லிய விளிம்பை அந்த இடைவெளியின் வழியே உருவ வேண்டும். சொல்லித்தர இரண்டு நிமிடம் போதும். வலுவான ஒருவர் விடாப்பிடியாகப் பற்றியிருக்க, மூச்சு வாங்கும் நிலையிலும் அது கைகூடுவதற்கு மாதக்கணக்கில் பழக வேண்டும்.

எனவே வகுப்பின் பெயரைவிட அது நடக்கும் முறையைப் பாருங்கள். ஒரு நாள் ஓரமாக அமர்ந்து கவனியுங்கள்: மாணவர்கள் ஒருவரையொருவர் உண்மையாகவே எதிர்க்கிறார்களா, பிடிபட்டவர் தோல்வியை ஒப்புக்கொண்டு உள்ளங்கையால் தட்டிய கணமே பிடியை விடுகிறார்களா, கீழே விழுந்தவர் ஒரு கையைப் பின்னால் ஊன்றி, எதிர்ப்பக்கக் காலையும் ஊன்றி, மற்றக் காலை உடலுக்கு அடியில் இழுத்து எழுந்து விலகப் பழகுகிறாரா? தார்ச் சாலையில் புரண்டு சண்டையிடுவது தற்காப்பு ஆகாது, உடன் இன்னொருவன் இருந்தால் அது பேராபத்து. எழுந்து ஓடத்தான் அவள் கற்க வேண்டும். கத்தியைக் காட்டினால் பையைக் கொடுத்துவிட்டு ஓடச் சொல்லுங்கள். விலகியதும் 112க்கு அழைக்கட்டும். தற்காத்துக்கொள்ளும் உரிமையைப் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு அளிக்கிறது. தேவைக்கு மேல் தாக்குவதை 37ஆம் பிரிவு தடுக்கிறது.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 48. இனிமேல் ஜூடோ கற்க முடியுமா?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: முடியும். முழங்காலையும் முதுகையும் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். முதல் இரண்டு மாதங்கள் எறிவதைப் பற்றி நினைக்காமல் விழுவதை மட்டும் பழகுங்கள். பின்னால் சரியும்போது முகவாயை மார்போடு ஒட்டி, முதுகை வளைத்து, கையைப் பின்னால் ஊன்றாமல், இரு முன்கைகளாலும் பக்கவாட்டில் தரையை அறைய வேண்டும். கை ஊன்றினால் மணிக்கட்டு முறியலாம். தலை தொங்கினால் பின்மண்டை மோதும். ஐப்பசி மழையில் வழுக்கும் சரிவில் நாள்தோறும் நடக்கும் உங்களுக்கு, எதிராளி எவனும் வராமலே இந்தப் பயிற்சி உதவும்.